பல்லக்காவின் மூன்றாவது மொழி

என் கீழ்ப்பல் செட்டைச் செய்தவரைப் பற்றி எழுதுகிறேன். பல் டாக்டரைப் பற்றி அல்ல. டாக்டர் அளவு எடுத்தார், கடைசியில் பொருத்தினார். இடையில் அந்தப் பற்களை ஒவ்வொன்றாக மெழுகில் நட்டு, அச்சு எடுத்து, அராவி, மெருகேற்றியவர் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த ஒரு பெண். அந்த அறையை லேப் என்பார்கள். மேசை நிறைய பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் நோயாளியின் எண் எழுதியிருக்கும்.

முதல் முறை போட்டபோது செட் இடது பக்கம் குத்தியது. டாக்டர் அந்தப் பெண்ணை முன்னறைக்கு அழைத்தார். முழங்கை வரை வெள்ளைத் தூளோடு வந்து நின்றார்.

"ஏதாவது பேசுங்க, ஐயா."

"என்ன பேசறது?"

"உங்களுக்குப் பிடிக்காதவங்க யாராவது இருப்பாங்களே, அவங்களைப் பத்திப் பேசுங்க. அப்பத்தான் வாய் நல்லாத் திறக்கும்."

என் மைத்துனரைப் பற்றிப் பேசினேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயை மட்டும் பார்த்தார். பிறகு செட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு போய், சுழலும் சக்கரத்தில் ஓரிடத்தில் மட்டும் தொட்டு எடுத்து வந்தார். "இப்ப திட்டிப் பாருங்க." குத்தவில்லை.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். போன சொல்லை எனக்குத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணின் பிழைப்பு, அப்போது ஒரு சொல் வராமல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அவர் சொன்னதையும், பரீட்சை நடத்திய மேடம் சொன்னதையும் தனித்தனியே கேட்டு, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

கூடப் படித்தவர்கள் அவரைப் பல்லக்கா என்றார்கள். வேறு நாட்டிலிருந்து படிக்க வந்தவர். கணவர் இறந்துவிட்டார். ஒரு மகள், ஊரில் தங்கையிடம் வளர்கிறாள். பல் செட் செய்யும் படிப்பையும் லேப் பயிற்சியையும் முடித்தால் இங்கேயே நிரந்தர வேலை, வேலை இருந்தால் மகளை அழைத்துக்கொள்ள அனுமதி. கணக்கு இவ்வளவுதான். அந்தக் கணக்கை நம்பித்தான், மற்றவர்கள் படிப்பை மறக்க ஆரம்பிக்கும் வயதில் அவர் புத்தகப் பையைத் தோளில் மாட்டினார்.

இந்த நகரத்தில் எல்லோரும் பேசும் மொழியை வெளிநாட்டு மாணவர்கள் 'ஊர் பாஷை' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். பாடம் முழுவதும் ஊர் பாஷையில். ஆகவே முதல் வருடம் அவர்களுக்குப் படிப்பே அந்த மொழிதான். பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதைக் கற்றார். காய் வாங்கக் கற்றார், பஸ்ஸில் சண்டை போடக் கற்றார், பிறகு ஈறு, தாடை, கடி, அராவல் என்று பல் வேலைச் சொற்களெல்லாம் கற்றார். படிப்பில் தேறினார். அதன் பிறகுதான் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள்: பயிற்றுமொழி தவிர இன்னும் ஒரு அந்நிய மொழியில் தேற வேண்டும், அப்போதுதான் சான்றிதழ். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் படித்த ஆங்கிலம் கணக்காகிவிடும். வெளிநாட்டவருக்கு ஊர் பாஷை கணக்கில் வராது, ஏனென்றால் அது பயிற்றுமொழி. தாய்மொழியும் வராது, ஏனென்றால் அதைச் சோதிக்க இங்கே ஆள் இல்லை. விதி முதல் வருடக் கையேட்டிலேயே இருந்தது என்றார்கள். இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கையேடு ஊர் பாஷையில் இருந்தது.

"நாம ரெண்டரை பாஷை பேசறோம்க்கா, ஆனா மார்க் அந்த அரைக்குத்தான்," என்றான் கப்பல். அவனும் வெளிநாட்டிலிருந்து வந்து அதே வகுப்பில் படித்த இளைஞன். எப்படியாவது இன்னும் தூர தேசம் போய்விட வேண்டும் என்று ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

ஆங்கில வகுப்பு மாலையில், லேப் வேலை முடிந்த பிறகு. நடத்திய சார் உள்ளூர்க்காரர். நல்ல மனிதர், ஆனால் பழைய பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தித் தேய்ந்தவர். ஆங்கிலச் சொல்லுக்கு ஊர் பாஷையில் பொருள் சொல்வார். மாணவர்கள் அதை மனதுக்குள் தங்கள் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டு ஆறு தாண்டித் தண்ணீர் கொண்டுவருகிற கதை. பாதி வழியிலேயே கொட்டிப் போகும்.

ஒருநாள் சார் ஒவ்வொருவரையும் எழுப்பி, ஆங்கிலம் எதற்குப் படிக்கிறீர்கள் என்று கேட்டார். கப்பல் துள்ளி எழுந்தான்.

"ஆங்கிலம் வந்தா உலகமே நம்ம கையில சார்!"

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் சார் பல்லக்காவைப் பார்த்து.

"என் கையில ஏற்கெனவே பிளாஸ்டர் இருக்கு சார். உலகத்தை வாங்கி எங்க வைக்கறது?"

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். "அப்ப இங்கிலீஷ் பிடிக்கலையா?"

"கோபமெல்லாம் இல்லை சார். அது என்ன பாவம் பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருக்கு. முதல் பாஷை பாலோட வந்துச்சு. ரெண்டாவது பசியோட வந்துச்சு. இது வரும்போது எனக்குத் தூக்கம் வருது."

அந்த வகுப்பில் பலருக்கும் அதுதான் நிலை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. ஒரு மலை ஏறி இறங்கியவரிடம் பக்கத்து மலையைக் காட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. கப்பலைப் போல ஓரிருவர் அதிலும் ஏறத் துடித்தார்கள். மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எழுத்துத் தேர்வில் பல்லக்கா ஒருவழியாகத் தேறினார். பேச்சுத் தேர்வுதான் கழுத்தைப் பிடித்தது. மூன்று முறைதான் முயலலாம் என்பது விதி. முதல் முறை வாயே திறக்கவில்லை. இரண்டாம் முறை கப்பல் எழுதிக் கொடுத்ததை உருப்போட்டுப் போனார்: ஆங்கிலம் உலகத்தைப் பார்க்கும் ஜன்னல் என்று அது தொடங்கும். முதல் வரி முடிந்ததும் தேர்வாளர், எந்த ஜன்னல், அதில் என்ன தெரிகிறது என்று கேட்டார். பல்லக்கா அறையின் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு மதில் சுவர் தெரிந்தது. சுவர் என்று சொல்ல ஆங்கிலச் சொல் நினைவுக்கு வரவில்லை. அத்தோடு முடிந்தது.

மூன்றாவதிலும் போனால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாமல் பயிற்சி மாணவியாகத் தங்கும் அனுமதி அந்த வருடத்தோடு முடியும். பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

மூன்றாம் தேர்வுக்கு முந்தின வாரம் தங்கை போனில் சொன்னார்: "அக்கா, ஒண்ணு சொல்றேன், அழக்கூடாது. இவ என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கா. நானும் சித்தி, சித்தின்னு திருத்தறேன். எத்தனை தடவைதான் திருத்த?"

"திருத்தாதே. விடு."

"என்னக்கா இப்படிச் சொல்றே?"

"கூப்பிட ஆள் வேணும்ல, பிள்ளைக்கு. நான் வந்து திருத்திக்கறேன்."

மகள் போனை வாங்கி, "எப்பம்மா என்னைக் கூப்பிட்டுக்குவே?" என்றாள்.

"பரீட்சை முடிஞ்சதும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னே."

இதை எனக்குச் சொன்னபோது பல்லக்கா அழவில்லை. கையில் இருந்த மெழுகுத் தகட்டை விளக்கில் காட்டி, மெல்ல வளைத்துக்கொண்டிருந்தார்.

தேர்வு நாள். கல்லூரியின் ஒரு காலி வகுப்பறை, ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு தண்ணீர் ஜக். இந்த முறை தேர்வாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. எல்லோரும் மேடம் என்றார்கள். வெளியே நடையில் மாணவர்கள் பெஞ்சில் வரிசையாக. பல்லக்காவின் முறை முதலில் வந்தது.

பெயர், ஊர், வயது எல்லாம் மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். பல்லக்கா ஆங்கிலத்தில் சொன்னார். தடுக்கியது, ஆனாலும் விழவில்லை. அடுத்து, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"ஐ மேக் டீத்," என்றார் பல்லக்கா.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். மேடத்தின் அம்மா புதிதாகப் பல் செட் கட்டிக்கொண்டு, அதைப் போடமாட்டேன் என்று டம்ளரில் போட்டு வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் பொக்கை வாயால் வைதுகொண்டிருந்த சமயம் அது. அதை மேடம் சொன்னார். இங்கேதான் கணக்கு ஒத்துப்போகவில்லை. மேடம்தான் அதை ஊர் பாஷையில் சொன்னார் என்கிறார் பல்லக்கா. தான் ஆங்கிலத்தில்தான் சொன்னதாகவும், பதில் ஊர் பாஷையில் வந்ததால் தானும் தொடர்ந்துவிட்டதாகவும் மேடம் சொல்கிறார். யார் முதலில் மாறியது என்று இனி யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நடந்த பேச்சைப் பற்றி இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"எப்ப வலிக்குதுங்கறாங்க? பேசும்போதா, சாப்பிடும்போதா?"

"சாப்பிடும்போதுதான். பேசும்போது ஒண்ணும் குறையில்லை. அதை நாங்க தினமும் கேக்கறோமே."

"அப்ப செட்டுல தப்பில்லை மேடம். ஈறு இன்னும் பழகலை. ஒரு பக்கமாவே மெல்லறாங்களா?"

"ஆமா, வலது பக்கம்தான்."

"அதான். ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா மெல்லச் சொல்லுங்க. கழட்டி வச்சிட்டா என்னிக்கும் பழகாது. புது செட்டும் புது பாஷையும் ஒண்ணு மேடம். முதல்ல வாய் நிறைய யாரோ ஒரு அந்நியன் உக்காந்திருக்கற மாதிரி இருக்கும். துப்பிடலாம்னு தோணும். துப்பாம ஒரு மாசம் வச்சிருந்தா, அப்புறம் அவன் இருக்கறதே தெரியாது."

"எங்கம்மாவை அங்க கூட்டிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வாங்க. எங்க லேப் மாஸ்டர் கத்துவார், ஆனா கை நல்ல கை. நான் உரசித் தர்றேன்."

நேரம் முடிந்தது. பல்லக்கா எழுந்து, வணங்கி, வெளியே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைத் தான் அதற்கு முன் பார்த்ததில்லை என்று கப்பல் சொன்னான்.

"எப்படிக்கா?"

"அருவி மாதிரி கொட்டுச்சுடா. ஒரு இடத்துல கூடத் தடுக்கலை."

"அடி சக்கை! என்ன கேட்டாங்க?"

"அவங்கம்மா பல்லைப் பத்தி. ஈறு, கடி, அராவல், எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாங்க."

கப்பல் சற்று யோசித்தான். "அக்கா, ஈறுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

பல்லக்கா வாயைத் திறந்தார். மூடினார்.

"அராவலுக்கு?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்நிய மொழியில் பேசு என்றார்கள். பல்லைப் பற்றிப் பேச அவரிடம் இருந்த ஒரே மொழியில் பேசியிருக்கிறார். அதுவும் அந்நிய மொழிதான், ரத்தம் சிந்திக் கற்றதுதான். ஆனால் இன்று அதற்கு மார்க் இல்லை. பல் வேலையை அவர் இங்கே வந்துதான் கற்றார். அந்தச் சொற்கள் அவருடைய தாய்மொழியிலேயே அவருக்குத் தெரியாது. வேலை என்றதும் நாக்கு தானாக லேப்புக்குப் போய்விட்டது.

அதே நேரம் உள்ளே மேடம் பேனாவைத் திறந்து, மார்க் போடும் தாளை இழுத்து, அதன் தலைப்பில் எந்த மொழி என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். கதவு திறந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மேடம், நான் வந்து..."

"நானும்தான்," என்றார் மேடம்.

"இப்ப என்ன மேடம் பண்றது? எனக்கு இது கடைசித் தடவை."

மேடம் கதவைப் பிடித்தபடி நின்றார். "காதுல கேட்டதுக்கு மார்க் போட முடியாது, அது வேற பாஷை. கேக்காததுக்கு முட்டை போடவும் முடியாது, நான் தேர்வுக் கேள்வியே கேக்கலை. எல்லாரும் முடிஞ்சதும் வாங்க."

இதைச் சிலர் பிறகு சலுகை என்று பேசினார்கள். சலுகை அல்ல. தேர்வு நடக்கவில்லை. நடக்காத தேர்வை நடந்ததாக எழுதினால்தான் தவறு.

பல்லக்கா அந்த நடையிலேயே நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். லேப் மாஸ்டர் இரண்டு முறை போன் செய்தார். "ஒரு வாய்ல எத்தனை நேரம்தான் கேப்பாங்க? இங்க நாலு தாடை காஞ்சுகிட்டு கெடக்கு," என்றார். உள்ளே போனவர்கள் எல்லோரும் கப்பல் எழுதிய ஜன்னல் பத்தியையே கொஞ்சம் மாற்றி மாற்றி ஒப்பித்துவிட்டு வந்தார்கள். கப்பல் தன் முறை முடிந்த பிறகும் அவருக்காகக் காத்திருந்தான்.

"அக்கா, அந்த ஜன்னல் பாராவை இன்னொரு தரம் படிச்சுக்கிறியா?"

"டேய், அந்த ஜன்னலை நீயே வச்சுக்க. எனக்குக் காத்து வேண்டாம்."

கடைசியாக அவர் உள்ளே போனபோது மேடத்தின் குரல் கம்மியிருந்தது. ஜக்கில் தண்ணீர் இல்லை. காலையிலிருந்து ஜன்னல்களாகவே கேட்டுக் களைத்தவர், இவரிடம் ஆங்கிலத்தில் நேரடியாகக் கேட்டார்: ஆங்கிலம் பிடிக்குமா?

"நோ," என்றார் பல்லக்கா.

மேடம் காத்திருந்தார்.

"சம்டைம்ஸ்... நோ."

ஏன் படிக்கிறீர்கள்?

பதில் மெல்ல வந்தது. சின்னச் சின்ன வாக்கியங்கள், சில இடங்களில் வினைச்சொல் இல்லை. மை டாட்டர் வெயிட். மை சிஸ்டர் நவ் மதர். ஐ நோ டூ லாங்வேஜ். கம்பெனி சே த்ரீ. அந்த இடத்தில் கல்லூரியைக் கம்பெனி என்று சொல்லிவிட்டார், மேடம் திருத்தவில்லை. ஐ ஆம் டயர்ட், என்றார். பிறகு, உங்களுக்குப் புரிகிறதா என்று ஆங்கிலத்திலேயே கேட்டார். புரிகிறது என்று மேடம் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

அம்மாவுக்கு வலி எதனால் என்று மேடம் மறுபடி கேட்டார். காலையில் அருவியாகக் கொட்டியது இப்போது சொட்டுச் சொட்டாக வந்தது. ஈறு என்ற இடம் வந்ததும் ஊர் பாஷைச் சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. பல்லக்கா உதட்டை மூடி அதை விழுங்கினார். தன் மேல் உதட்டைத் தூக்கி, விரலால் தொட்டுக் காட்டி, "திஸ்," என்றார். மேடம் அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு மொழி, கூப்பிட்டால் வந்துவிடும் தூரத்தில் நின்றது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரத்தைக் கடத்தினார்கள்.

தேறுவதற்கு எத்தனை மார்க் வேண்டுமோ அத்தனைதான் மேடம் போட்டார். பல மாதம் கழித்து, அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்து வந்திருந்தபோது, காத்திருக்கும் அறையில் அதைப் பற்றிக் கேட்டேன். "கூட ஒரு மார்க் போட்டிருந்தா அது காலையில கேட்டதுக்குப் போட்டதா ஆயிடும்," என்றார். பக்கத்தில் அந்த அம்மாள் செட்டைப் போட்டுக்கொண்டு, டாக்டர் தாமதிப்பதைப் பற்றித் தெளிவான உச்சரிப்பில் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

தேர்வு நாள் மாலையே பல்லக்கா ஊருக்குப் போன் செய்தார்.

"அம்மா, பாஸா?"

"பாஸ்."

"அப்ப நான் வரலாமா?"

"பேப்பரெல்லாம் வரணும். வந்ததும் வரலாம்."

குதிப்பாள் என்று பல்லக்கா எதிர்பார்த்திருந்தார்.

"அங்க ஸ்கூல்ல நம்ம பாஷை பேசுவாங்களாம்மா?"

"மாட்டாங்க."

"இங்கிலீஷ்?"

"அதுவும் ரொம்பப் பேசமாட்டாங்க."

"அப்ப நான் யாரோட பேசுவேன்?"

"என்னோட பேசு."

"நீதான் வேலைக்குப் போயிடுவியே."

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி தனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை என்றார் பல்லக்கா. மகளை அழைத்துக்கொள்வதைப் பற்றி யோசித்தபோதெல்லாம், அவள் வந்து இறங்கும் நிமிஷம் வரைதான் யோசித்திருந்தாராம். அதற்கு அடுத்த நாள் காலையை யோசிக்கவில்லை.

மறுநாள் லேப்பில் மாஸ்டர் அவரை உற்சாகமாக வரவேற்றார். நாள் முழுவதும் காய்ந்த நாலு தாடைகளையும் அவர் முன்னால் அடுக்கினார்.

"வாம்மா, பாஸ் பண்ணிட்டியாமே! ஒருவழியா அந்த வகுப்பு ஒழிஞ்சுது. இனிமே சாயங்காலமும் உக்காந்து வேலை பார்க்கலாம்."

"இல்லை மாஸ்டர். சாயங்காலம் எனக்கு வேணும். வகுப்பு இருக்கு."

"அதான் முடிஞ்சுபோச்சே? இப்ப எந்த பாஷை?"

"ஊர் பாஷை."

"உனக்கா? நீ பேசற பேச்சுக்கு எனக்கே நீ பாடம் எடுக்கலாம்."

"எனக்கில்லை. என் பொண்ணுக்கு. போன்லதான். நானே டீச்சர்."

மாஸ்டர் அவரைப் பார்த்தார், தாடைகளைப் பார்த்தார். "ஒரு வாரமாவது மூச்சு விடேன்மா," என்றார்.

"வர்றதுக்குள்ள கொஞ்சமாவது வரணும் மாஸ்டர்," என்று சொல்லி, பல்லக்கா மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டினார்.

முதல் பாடத்தில் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று, என் செட்டை மறுமுறை உரசிக்கொள்ளப் போனபோது கேட்டேன்.

"பசிக்குது, வலிக்குது, தூக்கம் வருது," என்றார். "முதல் மாசத்துக்கு இந்த மூணு போதும், ஐயா."